என் ஞானஸ்நானத்தின் சரியான தேதி

14.09.2025, ஞாயிற்றுக்கிழமை

வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்கள் எல்லாரும் காலில் கட்டோடு திரும்பிவிட்டபடியால், இன்று இரண்டாம் பூசைக்குப் பின் பங்குத்தந்தை ஆன்டோ அடிகளார் கூட்டத்தைக் கூட்டினார். ஒன்பதரை என்று அறிவித்த கூட்டம் ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கிற்று. அடிகளாருக்கு வயது முப்பத்தொன்று. கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் இல்லை.

அக்டோபர் 19 மறைபரப்பு ஞாயிறு. அதற்குள் எங்கள் பங்கின் மறைபரப்புக் குழுவிலுள்ள எட்டுப் பேரும், திருச்சபைக்கு வெளியே உள்ள ஒருவரிடமாவது தம் விசுவாசத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். "சண்டை வேணாம், விவாதம் வேணாம், யாரையும் இழுக்கவும் வேணாம். நாம யாருன்னு நமக்குத் தெரிஞ்சா போதும், பேச்சு தானா வரும்" என்றார். பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று மூன்றே கேள்விகள்.

எட்டுப் பேரில் ஆறு பேருக்குத் தம் ஞானஸ்நான தேதி தெரியவில்லை! பெலிசியா டீச்சர் வெட்கமே இல்லாமல், "என் கல்யாணத் தேதியையே எங்க வீட்டுக்காரர்தான் ஞாபகப்படுத்துவார்" என்று சிரித்தார். நான் எழுந்து நின்றேன். "தன் ஞானஸ்நான தேதி தெரியாதவர் எந்த முகத்தோடு பிறருக்குச் சாட்சி சொல்வார்? 1951 பெப்ருவரி 11, ஞாயிற்றுக்கிழமை, லூர்து மாதா திருநாள், சிதம்பரம் ஆலயம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்" என்றேன்.

அடிகளார் கைதட்டினார். "அப்ப பத்தொன்பதாம் தேதி பூசையில லூர்துநாதன் ஐயாவே பேசட்டும். தலைப்பு, நான் ஏன் கிறிஸ்தவன். பத்து நிமிஷம்."

பத்து நிமிடம் போதாது.

15.09.2025, திங்கட்கிழமை

படிவத்தின் மூன்றாம் கேள்விக்கு "தில்லைநாதன், சிதம்பரம்" என்று எழுதினேன். 11.06.1984 திங்கட்கிழமை முதல் பழக்கம். பதிவுத் துறையில் எதிரெதிர் மேசை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறையாவது சந்திப்பு. நாற்பத்தோரு ஆண்டுகளில் நாங்கள் பேசாத பொருள்கள் இரண்டு. ஒன்று அவருடைய மருமகள், மற்றொன்று என் விசுவாசம். முதலாவதை அவரே சென்ற மாதம் தொடங்கிவிட்டார்.

17.09.2025, புதன்கிழமை

உரைக்கான குறிப்புகள் இருபத்திரண்டு பக்கம் வந்திருக்கின்றன. எங்கள் குடும்பம் ஆறு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மட்டும் ஐந்து பக்கம். தூய ஆவியாரைப் பற்றி நான்கு. என் மனைவி ஆரோக்கிய ராணி கண்ணாடி போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேக்கறவங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவணுமா வேணாமாங்க?" என்றாள்.

20.09.2025, சனிக்கிழமை

என்னிடம் உள்ள ஞானஸ்நானச் சான்றிதழ், 1978இல் என் திருமணத்துக்காகத் தந்தையார் வாங்கி வந்தது. அதில் தேதி மட்டுமே இருக்கிறது. சான்றிதழ் என்பது பதிவின் சுருக்கம். சுருக்கத்தை நம்பி நான் ஒரு நாளும் கையெழுத்திட்டதில்லை. சிதம்பரம் ஆலயத்துப் பதிவேட்டிலிருந்து ஓரக் குறிப்புகள் உட்பட முழு நகல் எடுத்து, உரையின்போது சபைக்குக் காட்டுவதாக இருக்கிறேன்.

அடிகளாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஐயா, தேதி மட்டும் போதும் ஐயா" என்றார். பதிவேடு என்றால் என்னவென்று இந்தத் தலைமுறைக்குத் தெரியவில்லை.

23.09.2025, செவ்வாய்க்கிழமை

காலை 8.10 பேருந்தில் சிதம்பரம். தில்லைநாதன் நிலையத்துக்கே வந்துவிட்டார். "இன்னா லூர்து, எழுவத்திநாலு வயசுல பர்த் சர்ட்டிபிகேட்டா? பள்ளிக்கூடத்துல சேரப் போறியா?" என்றார். வழியெல்லாம் சிரிப்பு. நல்ல மனநிலையில்தான் போனோம்.

ஆலய அலுவலகத்திலிருந்த அம்மையார் 1951ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்து வைத்தார். எனக்குக் கண்ணாடி மாற்றவேண்டியிருந்ததால், தில்லைநாதனே உரக்கப் படித்தார். பிறந்த தேதி சரி. பெற்றோர் பெயர் சரி. பெப்ருவரி 11 சரி. பிறகு ஓரத்தில், சிவப்பு மையில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு. அதை அப்படியே படியெடுத்து வந்திருக்கிறேன்:

"இப்பிள்ளைக்கு ஜனவரி 23ஆம் தேதி, பிறந்த அன்றே, மரண ஆபத்தில், புவனகிரி மருத்துவச்சி தங்கம்மாள் என்னும் அஞ்ஞானியால் வீட்டில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருந்தபடியால், விடுபட்ட சடங்குகள் மட்டும் இன்று கோவிலில் நிறைவேற்றப்பட்டன."

தில்லைநாதன் நிமிர்ந்தார். "அஞ்ஞானின்னா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்த அம்மையார்தான் தயங்கித் தயங்கி, கிறிஸ்தவர் அல்லாதவர்களை அந்தக் காலத்தில் அப்படி எழுதும் வழக்கம் இருந்ததாகச் சொன்னார்.

"அதாவது எங்க ஆளு!" தில்லைநாதன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "யோவ் லூர்து, எங்க ஆளு ஒருத்திதான்யா உன்னக் கிறிஸ்தவனா ஆக்கியிருக்கா. எழுதினவரு நன்றிகூடச் சொல்லல, அஞ்ஞானின்னுட்டாரு!"

எனக்குக் காது சுட்டது. நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வாங்கிக் கொடுத்த காபியை முழுவதும் குடிக்கவில்லை.

24.09.2025, புதன்கிழமை

எழுத ஒன்றுமில்லை.

25.09.2025, வியாழக்கிழமை

என்னா கத்து கத்தினேன் அன்னிக்கு! அந்தப் பெலிசியா டீச்சர் முகத்தப் பாத்து, எந்த முகத்தோட சாட்சி சொல்லுவீங்கன்னு கேட்டனே — இப்ப என் முகத்த எங்க கொண்டு வெக்கிறது? எழுவத்திநாலு வருஷமா தப்புத் தேதிக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். அம்மா ஏன் ஒரு வார்த்தகூடச் சொல்லல?

தேதி போவட்டும். அந்தம்மா என்ன நெனச்சுத் தண்ணி ஊத்துச்சு? சும்மா சடங்குன்னு ஊத்தியிருந்தா? வாய்க்கு வந்ததச் சொல்லியிருந்தா? அப்ப நான் வாங்கின நற்கருணை, கல்யாணம், எல்லாம்... அப்ப நான் யாரு?

ராணியிடம் சொன்னேன். "தேதி மாறினா நீங்க மாறிட்டீங்களா? இப்பவும் அதே டம்ளர்லதான காபி கேக்குறீங்க" என்றாள். சற்றுக் கழித்து, "சாவக் கெடந்த புள்ளன்னு திரும்பத் திரும்பச் சொல்ல அத்தைக்கு மனசு வந்திருக்காது" என்றாள். அது உண்மையாயிருக்கலாம்.

மேலே உள்ள பத்திகளின் மொழிநடைக்கு வருந்துகிறேன். அடிக்கவில்லை, எழுதியது எழுதியதுதான்.

28.09.2025, ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்ததும் அடிகளாரிடம் நகலைக் காட்டி, எனக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கும்படி முறைப்படி எழுதிய விண்ணப்பத்தையும் நீட்டினேன். இரண்டையும் படித்தார். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு தடவை பதிவான பத்திரத்தை மறுபடியும் பதிவு பண்ணுவீங்களா?"

"முதற் பதிவில் குறை இருந்தாலொழிய, மாட்டேன்."

"இதுல என்ன குறை? ஆபத்து நேரத்துல யார் வேணாலும் கொடுக்கலாம். கிறிஸ்தவங்களா இருக்கணும்னுகூட இல்லை. தண்ணி ஊத்தணும், அந்த வார்த்தையைச் சொல்லணும், திருச்சபை செய்யறதைச் செய்யணும்கிற எண்ணம் இருக்கணும். அவ்வளவுதான்."

"எண்ணம் இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லையே, சாமி."

"விடுபட்ட சடங்குகள் மட்டும்னு எழுதினாரே, அந்தச் சாமியார் விசாரிக்காமலா எழுதியிருப்பார்?"

அவரை நான் எப்படி நம்புவது? ஒரு பெண்ணை அஞ்ஞானி என்று எழுதத் துணிந்தவர். என் பத்து நிமிடத்தைப் பெலிசியா டீச்சருக்குக் கொடுத்துவிடும்படி சொன்னேன். தான் எவ்வாறு கிறிஸ்தவனானான் என்று அறியாதவன் பிறரிடம் என்ன பேசுவது?

"பத்தொன்பதாம் தேதி காலையில வரைக்கும் உங்க பேரை அடிக்க மாட்டேன்" என்றார்.

01.10.2025, புதன்கிழமை

ஆயுத பூசை. காலை 11.15க்குத் தில்லைநாதன் தொலைபேசியில் அழைத்தார். பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம். வாயில் பொரி.

"லூர்து, உன் அஞ்ஞானியக் கண்டுபுடிச்சிட்டேன்."

"உயிரோடு இருக்கிறாரா?"

"யோவ், கணக்கு மறந்துட்டியா? இருந்தா நூத்திப் பத்து ஆவும். அந்தம்மா செத்து முப்பது வருஷம் ஆயிடுச்சு. பொண்ணு இருக்குது, பேரு சௌந்தரம். புவனகிரியில எங்க பெரியப்பா வூட்டுலேர்ந்து மூணு தெரு தள்ளி. சனிக்கெழம போறோம், வந்துடு."

நான் கேட்கவே இல்லை. எட்டு நாளாக இவரே ஊரெல்லாம் விசாரித்திருக்கிறார். சிரித்த மனிதர்தானே என்று நினைத்திருந்தேன்.

04.10.2025, சனிக்கிழமை

வரிசையாக எழுத முயல்கிறேன்.

சௌந்தரம் அம்மாளுக்கு எண்பது வயது. நாங்கள் போனபோது வாசலில் முறத்தை மடியில் வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்பது கேள்விகள் எழுதிய நோட்டைத் திறந்ததும், "இவரு போலீசா?" என்று தில்லைநாதனைக் கேட்டார்.

"அதவிட மோசம்கா. ரிஜிஸ்டர் ஆபீஸ்."

வந்த காரணத்தைச் சொன்னேன். கை நின்றது. முறத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

"எங்கம்மா சிஸ்டருங்க ஆஸ்பத்திரியில வேல செஞ்சுது. கிறிஸ்தவங்க வூட்டுல பொறந்த புள்ளைக்கு மூச்சு நிக்கற மாதிரி இருந்தா, சாமியாரு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காத, நீயே ஊத்திடுன்னு அவுங்க சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதுக்குப் படிப்பு கெடையாது. வார்த்த மறந்துடப் போவுதுன்னு, சோறு வடிக்கறப்ப, துணி தொவைக்கறப்ப, எப்பப் பாத்தாலும் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாயிடுச்சு."

நான்காம் கேள்வியைக் கேட்டேன். அதற்காகத்தான் போயிருந்தேன். "ஊற்றும்போது என்ன நினைத்து ஊற்றினார்கள் என்று எப்போதாவது சொன்னார்களா?"

"வேற இன்னாத்த நெனைக்கறது? அவுங்க புள்ள அவுங்க சாமிகிட்டப் போய்ச் சேரணும், என் கையில வழி மாறிடக் கூடாதுன்னு சொல்லும். ஊத்திட்டு வந்தா அன்னிக்கு ஒரு வேள சோறு திங்காது."

அதை எழுதிக்கொண்டேன். கீழே இரட்டைக் கோடிட்டேன்.

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல், "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னார். என் சிறு வயதுக்குப் பிறகு இந்தப் பழைய சொற்களை நான் கேட்டதில்லை. தில்லைநாதன் கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ஊத்துன புள்ளைங்கள்ல முக்காவாசி தங்கல" என்றார் சௌந்தரம் அம்மாள். "பொழச்சத நான் பாத்ததே இல்ல. நீங்கதான் மொத ஆளு. எங்க, தலையக் குனிங்க, பாக்கலாம்."

குனிந்தேன். உள்ளங்கையை உச்சியில் வைத்தார். கடலைத் தோல் ஒட்டிக்கொண்டது.

"முடிதான் பொழைக்கல" என்றார்.

மூவரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அது என் ஒன்பதிலும் இல்லை. "இத்தன வருஷமா யாரையும் கேக்கணும்னு தோணல. பிதான்னா அப்பா, சுதன்னா புள்ள. அந்த மூணாவது ஆளு யாருங்க? இஸ்பிரீத்து சாந்து?"

தூய ஆவியாரைப் பற்றி என் குறிப்பில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன, பதினான்கு முதல் பதினேழு வரை. ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பிறந்த அன்று மூச்சுக்குத் தவித்துக் கிடந்த ஒரு சிசுதான் நினைவுக்கு வந்தது.

"மூச்சு, அக்கா. கடவுளுடைய மூச்சு. நமக்குள்ளே வந்து உயிர் கொடுக்கிறவர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எங்கம்மா சரியான ஆளத்தான் கூப்புட்டிருக்குது."

05.10.2025, ஞாயிற்றுக்கிழமை

படிவத்தைத் திருப்பி வாங்கித் தேதியை 23.01.1951, செவ்வாய்க்கிழமை என்று அடித்துத் திருத்தி, ஓரத்தில் முதலெழுத்துகளிட்டேன். "கொடுத்தவர்" என்று ஒரு கேள்வி இல்லாததால் நானே ஒரு கோடு போட்டு, "தங்கம்மாள், புவனகிரி, மருத்துவச்சி" என்று எழுதினேன். அவரைப் பற்றி வேறு அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை.

அடிகளாரிடம் பேசுவதாகச் சொல்லிவிட்டேன்.

19.10.2025, ஞாயிற்றுக்கிழமை

விடியற்காலையிலிருந்து மழை. ஆயினும் ஆலயம் நிறைந்திருந்தது. இருபத்திரண்டு பக்கத்தை எடுத்துப் போகவில்லை. ஆறு நிமிடம் பேசினேன். ராணி கடிகாரம் பார்த்தாள்.

முதலில் பெலிசியா டீச்சரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பதிவேட்டில் இருந்ததைப் படித்தேன். அந்தச் சொல்லையும் விடாமல் படித்தேன். என் பணிக்காலத்தில் அப்படியொரு சொல்லைப் பதிவில் நிற்க விட்டிருக்க மாட்டேன் என்றேன். சௌந்தரம் அம்மாள் சொன்னதைச் சொன்னேன். ஆறு தலைமுறைக் கிறிஸ்தவன் என்ற செருக்கோடு இருந்தேன், ஆனால் நான் கிறிஸ்தவனான அந்தக் கணத்தில் என்னால் மூச்சுக்கூட விட முடியவில்லை, வேறொருவர் இரங்கி என் தலையில் தண்ணீர் ஊற்றினார், அதுதான் என் அடித்தளம் என்றேன். இரக்கத்தால் பெற்றவன் அதைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை, மூடி மறைக்கவும் வேண்டியதில்லை என்று முடித்தேன்.

பெலிசியா டீச்சர் வந்து கையைப் பற்றிக்கொண்டார். தம் தேதியைத் தேடி எடுத்துவிட்டாராம்: 03.05.1969. சனிக்கிழமை என்று உடனே சொன்னேன். "நீங்க திருந்தவே மாட்டீங்க சார்" என்றார்.

அடிகளார் மட்டும் வாசலில் மெல்லக் கேட்டார். "தில்லைநாதன் ஐயாகிட்டப் பேசினீங்களா?"

இல்லை. முந்நூறு பேர் முன்னிலையில் வருகிற பேச்சு, என்னை நன்றாக அறிந்த ஒருவர் முன்னிலையில் வரவில்லை. ஏனென்று தெரியவில்லை. ஒருவேளை, என் சிடுசிடுப்பை நாற்பத்தோரு ஆண்டுகள் எதிர்மேசையிலிருந்து பார்த்தவர் என்பதாலோ?

20.10.2025, திங்கட்கிழமை

தீபாவளி. ராணியும் நானும் சிதம்பரம் போய்த் தில்லைநாதன் வீட்டில் சாப்பிட்டோம். அதிரசம் அருமை. மழையைப் பற்றிப் பேசினோம்.

06.11.2025, வியாழக்கிழமை

தில்லைநாதனுக்கு இன்று சிதம்பரத்தில் வலது கண்ணில் புரை அறுவை. மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, ஆகவே நான் துணை. 8.05க்கு மருத்துவமனை. நீண்ட பெஞ்சில் ஒன்பது பேரை வரிசையாக உட்கார வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். ஊர் முழுக்கக் கேலி பேசுகிற மனிதர், சொட்டு விட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கையை நீட்டித் துழாவினார்.

"லூர்து, இருக்கியா?"

"இருக்கிறேன்."

"பயமா இருக்குயா. சிரிக்காத. கண்ணுல கத்தி வெக்கறாங்கன்னா சும்மாவா?" சற்றுப் பொறுத்து, "உன் ஆளுகிட்ட ஏதாவது சொல்லேன்" என்றார்.

"மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்."

"மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? சத்தமாச் சொல்லு."

சுற்றிலும் எட்டுப் பேர், அவர்களுடைய துணைகள், மருந்துச் சீட்டோடு செவிலியர். தயாரித்த குறிப்பு எதுவும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, இவர் தில்லைநாதன். என் நண்பர். உமக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நான் பிறந்த அன்றைக்கே போக இருந்தேன். நீர் வந்து பிடித்துக்கொண்டீர், இன்றுவரை விடவில்லை. இவரையும் பிடித்துக்கொள்ளும். இவருக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்தான். ஆமென்."

பெஞ்சின் கோடியில் யாரோ ஒரு பாட்டியம்மாள் "நல்லாருப்பீங்க" என்றார். தில்லைநாதன் மூடிய கண்ணோடு என் பக்கம் திரும்பினார்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இதையாய்யா நாப்பத்தோரு வருஷமா என்கிட்டேர்ந்து ஒளிச்சு வெச்சிருந்த?"

"இன்னும் இருக்கிறது" என்றேன்.

"கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சிருக்காங்க" என்றார். "சொல்லு, மச்சான்."